குண்டு வாட்டமா இருக்கு

போன் வந்தபோது கொத்தனார் யாரோ ஒருவருடைய குளியலறையில் குந்தி உட்கார்ந்து வாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலில் வாட்டம் என்றால் சரிவு. குளிக்கிற தண்ணீர் தானாக ஓடி மூலையிலிருக்கிற ஓட்டையில் விழுவதற்காகத் தரையைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு பக்கம் சாய்த்துப் போடுவது. கூடிப்போனால் குளிக்கிறவன் வழுக்கி விழுவான், குறைந்துபோனால் தண்ணீர் தேங்கி நாறும். முப்பது வருஷத்தில் அவர் தெரிந்தே கோணலாகப் போட்டவை குளியலறைத் தரைகள் மட்டும்தான். அதனால் குளியலறை வேலை என்றாலே காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கையெல்லாம் கலவை. சுண்டுவிரலால் போனைத் தட்டி, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் வைத்தார்.

"என்னங்க, குண்டு வாட்டமா இருக்கு" என்றாள் மனைவி.

அவர் வீட்டில் குண்டு என்று இரண்டு உண்டு. ஒன்று, சுவர் நேராக எழும்புகிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிற தூக்குக்குண்டு. இன்னொன்று பூனை. வேலைத்தளத்தில் இருக்கிறவருக்கு எது முதலில் ஞாபகம் வரும்?

"குண்டு எப்படிம்மா வாட்டமா இருக்கும்? பூமியே சாஞ்சாத்தான் உண்டு. அதுவும் இங்க என் பையிலதானே இருக்கு."

"ஐயோ, பூனையைச் சொல்றேன்!"

"பூனையா? எந்தப் பக்கம் வாட்டம்?"

பூனை சோர்ந்து கிடக்கிறது என்று சொல்ல வந்தவள் அவள். இந்த மனுஷனிடம் பேச்சுக்கொடுத்ததற்குத் தன்னையே நொந்துகொண்டு திரும்பிப் பார்த்தாள். சமையலறைக் கதவருகே பூனை நின்றுகொண்டிருந்தது. நிஜமாகவே சாய்ந்துதான் நின்றது.

"இடது பக்கம்" என்றாள், குரல் இறங்கி.

"எவ்வளவு?"

"நான் என்ன அளந்தா பாத்தேன்? அடிக்கு மூணு அங்குலம் இருக்கும்."

"மூணா! தண்ணி ஓடுற வாட்டமே அவ்வளவு கெடையாதே."

"காலையில ஜன்னல்ல ஏறப்போய் தப்பித் தொபுக்கடீர்னு விழுந்துச்சு. கக்கிச்சு. இப்ப சுவத்தை ஒட்டிக்கிட்டுத்தான் நடக்குது. நீங்க வாங்க."

சுவரை ஒட்டிக்கொண்டு என்றதும் அவர் கையில் கலவை இழுத்துக்கொண்டிருந்த கரணை அப்படியே நின்றது. அப்புறம், "சாயந்திரம் பாக்கலாம்" என்று போனை அணைத்துவிட்டார். அன்று அந்தக் குளியலறையின் வாட்டத்தை மூன்று தடவை கலைத்துப் போட்டார்.

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் மட்டம். ஆள் மட்டமானவர் என்பதால் அல்ல. எந்நேரமும் அவர் கையில் ஒரு ரசமட்டம் இருக்கும். இரண்டடி நீளக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதில் பச்சைத் தண்ணீர், தண்ணீரில் ஒரு குமிழி. குமிழி நடுக்கோட்டில் நின்றால் தரை மட்டம். கொஞ்சம் நகர்ந்தாலும் பெயர்த்துவிட்டு மறுபடி போடுவார். எவனாவது வீட்டுக்காரன், "பரவாயில்லை மேஸ்திரி, மேல மேஜை வரப்போகுது" என்றால், "மேஜைக்கு யாரு மட்டம் பாப்பாங்க, உங்க அப்பாவா?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்வார். வாய் அப்படி. வேலை அதைவிடச் சுத்தம், அதனால் பிழைத்தார்.

சொந்த வீட்டின் முன்னறையை மூன்று வருஷத்துக்கு முன் அவரே போட்டார். பளபளவென்ற பெரிய டைல்ஸ். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன் சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கோலியை எடுத்துத் தரை நடுவில் வைப்பார். கோலி அசையாது. வந்தவர் அதைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் இன்னொரு இடத்தில் வைப்பார். மைத்துனன் ஒருமுறை, "மாமா, இந்தக் கோலியே சோம்பேறியோ என்னமோ" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் பேச்சில்லாமல் கிடந்தான்.

பூனை, ஏழு வருஷத்துக்கு முன் ஒரு வேலைத்தளத்தில் காலி சிமென்ட் மூட்டைக்குள் கிடைத்தது. செம்பட்டை நிறம். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் விளிம்பில், நாலு விரல் அகலம்கூட இருக்காது, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நூல் பிடித்த மாதிரி நடக்கும். உட்கார்ந்தால் மூக்கு, நெஞ்சு, முன்னங்கால் எல்லாம் ஒரே கோடு. "இவன் வேலைக்கு வந்தா எனக்குத் தூக்குக்குண்டே வேணாம்" என்றார் கொத்தனார். பெயர் அப்படித்தான் வந்தது. சாப்பாட்டால் அந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் வந்து சேர்ந்தது, அது வேறு.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர் பூனையைத் தூக்கவில்லை. செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தார். தலையணை உறைகள் தைக்கிற மனைவியின் மெஷினுக்கு அடியில் அது படுத்திருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து வழக்கம்போல் காலில் உரச வந்தது. நேராக அவரைப் பார்த்துத்தான் கிளம்பியது. ஆனால் கால்கள் அதை இடது பக்கம் இழுத்துக்கொண்டே போய்ப் பீரோவில் முட்டவிட்டன. இடது காது தரையைப் பார்த்தது, வலது காது கூரையைப் பார்த்தது. யாரோ ரகசியம் சொல்லக் குனிந்த மாதிரி தலை.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

அவர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

"நான் பூனையைப் பாக்கச் சொன்னேன்."

"தரையைப் பாக்காம பூனையை எப்படிப் பாக்குறது?"

குமிழி நடுவில் நின்றது. கட்டிலுக்கடியில் வைத்தார், நடுவில். வாசற்படி ஓரம், பீரோவின் முன், மெஷினுக்கடியில், பூனைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு வைத்தார். எல்லா இடத்திலும் நடுவில். வேறு நாளாக இருந்தால் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். இன்றைக்கு ஒவ்வொரு தடவையும் குமிழி நடுவில் நிற்க நிற்க அவர் முகம் செத்துக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் வந்தான். பெயிண்டர். மனைவியின் தம்பி, ஆள் அகலம், வாய் அதைவிட அகலம். பூனை இரண்டு வட்டம் அடித்துத் தன் வாலின்மேல் தானே விழுவதைப் பார்த்தான்.

"மாமா, இது தண்ணி போட்டிருக்கு."

"வாயை மூடுடா" என்றாள் அக்கா.

"அக்கா, மத்ததுல நீ எனக்கு வாத்தியாரா இரு. இதுல நான் உனக்கு வாத்தியார். அந்தக் கண்ணைப் பாரு, பக்கவாட்டுல ஆடுது. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறது பாரு. வீட்டுக்குப் போனா அடி விழும்னு தெரிஞ்சவன் நடக்கிற நடை அது. நானே நடந்திருக்கேன்."

"பேசாம டாக்டர்கிட்ட காட்டலாங்க" என்றாள் மனைவி. "கடைத்தெருவுக்குப் பின்னால ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நாய், பூனை எல்லாம் பாக்குறாங்க."

கொத்தனார் எழுந்து உட்கார்ந்தார். ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டரெல்லாம் வேணாம். தரைதான்."

"என்ன தரை?"

"தரை இடது பக்கம் உள்வாங்கியிருக்கு. நான்தான் சரியாப் போடல."

முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மைத்துனன் அக்காவைப் பார்த்தான். பூனையைவிட மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவன் பார்வை சொன்னது.

"இப்பத்தானே அளந்தீங்க? நடுவுலதானே நின்னுச்சு?"

"மட்டம் பழசு. பொய் சொல்லுது."

மனைவி அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய கூட்டாளி ஒருவன், கூடவே தொழில் கற்றவன், இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். விழுந்தவன் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு டீ கேட்டான். ஒரு வாரம் கழித்து நடை இடது பக்கம் இழுத்தது. சுவரை ஒட்டியே நடந்தான். "என்னடா, காலையிலேயே போட்டுட்டியா?" என்று தளமே சிரித்தது. முதலில் சிரித்தவர் இவர்தான். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். தலைக்குள்ளே என்றார் டாக்டர். ஆறு மாதம். அவன் சமாதிக்கு மட்டம் பார்த்துக் கட்டியதும் இவர்தான். அன்றிலிருந்து, சாய்ந்து நடக்கிறவனை டாக்டரிடம் கொண்டுபோனால் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். டாக்டரிடம் போகாதவரை அதை யாரும் சொல்ல முடியாது. தரை கோணல் என்றால் தரையைச் சரிபண்ணிவிடலாம். அது அவருக்குத் தெரிந்த வேலை.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. குளியலறைத் தளத்தில், "இன்னிக்கு மட்டம் மட்டம் போட்டுட்டாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.

காலை ஏழு மணிக்கே உளியும் சுத்தியலும் எடுத்துவிட்டார். கட்டில் சமையலறைக்குப் போனது. பீரோவை நகர்த்த மைத்துனன் வந்தான். அவன் கையில் நீளமாக ஒரு கீறல்.

"என்னடா கையில?"

"ஆணி, மாமா" என்றான், பூனை இருந்த பக்கம் பார்க்காமல்.

முதல் டைல்ஸ் மேல் உளியை வைத்தார். அடிக்க மனம் வராமல் கொஞ்சநேரம் வைத்தபடியே இருந்தார். பிறகு அடித்தார். நல்ல கைவேலை சுலபமாகப் பெயராது. ஒவ்வொன்றும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியது. "எந்தப் பாவி இப்படி ஒட்டினான்?" என்று பழக்கதோஷத்தில் திட்டிவிட்டு, யாரென்று ஞாபகம் வந்து உதட்டைக் கடித்தார். மைத்துனன் உடைந்த துண்டுகளைச் சட்டியில் அள்ளிக்கொண்டே சொன்னான்:

"அக்கா, பூனைக்கு உடம்பு சரியில்லைன்னு வீட்டை இடிச்ச ஆளு உலகத்துலயே உன் புருஷன்தான். எனக்குக் காய்ச்சல் வந்தா தயவுசெஞ்சு இவருகிட்ட சொல்லிடாதே."

அவள் சமையலறையில் கட்டிலின்மேல் பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தட்டில் வைத்த மீனைப் பூனை தின்னப் பார்த்தது. வாயைக் கொண்டுபோனால் மீனுக்கு நாலு விரல் தள்ளி அவள் புடவையைக் கடித்தது. மூன்றாவது முறை முகமே தட்டில் கவிழ்ந்தது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணையும் பூனை முகத்தையும் ஒன்றாகத் துடைத்தாள்.

மதியத்துக்குள் பழைய தரை போய்விட்டது. மூன்று மணிக்குப் புதுக் கலவை பரப்பி, நூல் கட்டி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டார். வெண்ணெய் தடவின மாதிரி வழவழவென்று கிடந்தது. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில். அப்பாடா என்று சிமென்ட் பால் கரைக்க வெளியே போனார். மைத்துனன் வாளி கழுவப் போனான்.

மனைவி கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தாமல் விட்டாள். வேண்டுமென்றே விட்டாளா என்று அவர் பிற்பாடு பலமுறை கேட்டும் அவள் பதில் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது பூனை ஈரக்கலவையில் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அதன் காலடிகள். வேறு யாராவது கால் வைத்திருந்தால் கரணையை எறிந்திருப்பார். மைத்துனன் இரண்டடி பின்வாங்கியே நின்றான்.

கொத்தனார் குந்தினார். காலடிகளைப் பார்த்தார். சமையலறைக் கதவிலிருந்து வாசலை நோக்கி நேராகத்தான் தொடங்கியிருந்தன. நாலாவது அடியிலேயே இடது பக்கம் வளைந்தன. வளைந்து, வளைந்து, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தன. ஒரு முழு வட்டம். இடது கால் பதிந்த இடமெல்லாம் ஆழம், வலது கால் பதிந்தது மேலாக. கோடு பார்த்தே வயிறு வளர்த்தவருக்கு இதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. ரசமட்டத்தை வட்டத்தின் நடுவில் வைத்தார். குமிழி நடுக்கோட்டை விட்டு ஒரு மயிரிழை அசையவில்லை.

"தரை சரியாத்தான் இருக்கு" என்றார்.

"தெரியும்" என்றாள் மனைவி.

"பழைய தரையும் சரியாத்தான் இருந்துச்சு."

"அதுவும் தெரியும்."

எழுந்தார். வேலைப்பையிலிருந்ததை எல்லாம் கீழே கொட்டினார். பூனையைக் கலவைக் காலோடு அதற்குள் இறக்கினார். தலை மட்டும் வெளியே சாய்ந்து தெரிந்தது. ரசமட்டத்தைக் கீழே வைக்கத் தோன்றவில்லை, அதுவும் பைக்குள் போனது.

டாக்டரம்மாவின் இடம் சின்னது. வரிசையாக நாற்காலிகள், ஒரு கூண்டுக் கிளி, மயிர் வெட்டின இரண்டு நாய்கள். பெயர் எழுதுகிற பெண் கேட்டாள், மனைவி சொன்னாள். கால்மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"குண்டு! குண்டு வாங்க!"

மைத்துனன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். எல்லோரும் பார்த்தார்கள்.

"பள்ளிக்கூடத்துல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தான்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் பழைய கீறல்கள். அதைப் பார்த்ததும் கொத்தனாருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, தொழில் செய்கிற கை. பூனையை மேஜையில் இறக்கினார்.

"காலெல்லாம் என்ன இது?"

"கலவைங்க. சிமென்ட் ஒண்ணுக்கு மணல் நாலு."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு முதலில் ஈரத்துணியால் பூனையின் காலைத் துடைத்தார். பிறகு கண்ணில் விளக்கடித்தார். கண்மணிகள் தறிநாடா மாதிரி இங்குமங்கும் ஓடின. முன்னங்கால் ஒன்றை மடக்கி, பாதத்தின் மேல்பக்கம் மேஜையில் படும்படி வைத்தார். பூனை நொடியில் திருப்பிச் சரியாக வைத்துக்கொண்டது. நாலு காலுக்கும் அப்படியே செய்தார். நாலும் அப்படியே திரும்பின. பிறகு குழல் மாதிரி ஒன்றை இடது காதில் விட்டு நெடுநேரம் பார்த்தார். கொத்தனார் அந்த நேரம் முழுக்கச் சுவரில் ஒட்டியிருந்த டைல்ஸின் இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று கோணல். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் நிலைமை அப்படி.

"தலைக்குள்ளதானே?" என்றார் கடைசியில், சுவரைப் பார்த்தே.

"யாரு சொன்னது? காது."

"காதா?"

"காதுக்கு உள்ளே, ஆழத்துல சீழ் கட்டியிருக்கு. காலை மடக்கி வெச்சேனே, உடனே திருப்பிடுச்சு பாருங்க. மூளை கெட்டிருந்தா பெரும்பாலும் அப்படித் திருப்பாது."

"காதுல சீழ் வந்தா காது கேக்காதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். நடை ஏன் கோணணும்?"

"காது கேக்கறதுக்கு மட்டும் இல்லீங்க. உள்காதுல மெல்லிசா வளைஞ்ச குழாய்ங்க இருக்கு. அதுக்குள்ள தண்ணி மாதிரி ஒண்ணு. நாம சாஞ்சா அது நகரும். அதை வெச்சுத்தான் நேரா நிக்கிறோமா, சாயறோமான்னு உடம்புக்குத் தெரியும்."

கொத்தனார் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். பைக்குள் கைவிட்டு ரசமட்டத்தை எடுத்து மேஜையில், பூனைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது மாதிரியா?"

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். குழாய், தண்ணீர், குமிழி. விரலால் ஒரு முனையைத் தூக்கினார். குமிழி ஓடியது.

"அட" என்றார். "இதேதான்னு வெச்சுக்குங்க. உங்க பூனைக்கு இடது பக்கத்து மட்டம் பழுதாயிடுச்சு. வலது பக்கம் நேரா நிக்கிறன்னு சொல்லுது, இடது பக்கம் விழறன்னு சொல்லுது. அது எதை நம்பும் பாவம்?"

"அப்ப தரைமேல தப்பில்லை."

"எந்தத் தரை?"

மைத்துனன்தான் தாங்கமாட்டாமல் சொன்னான்.

"பூனை சாயுதுன்னு தரையைப் பேத்துட்டாருங்க."

"கொஞ்சமா?"

"முழுசா."

டாக்டரம்மா சிரிக்கக்கூடாது என்று மிகவும் பாடுபட்டார். முடியாமல் திரும்பிக்கொண்டு மருந்து அலமாரியைத் திறந்தார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"காதுல ஏதோ பிசுபிசுன்னு இருக்கே. என்ன ஊத்தினீங்க?"

கொத்தனார் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பி மைத்துனன் கையிலிருந்த கீறலைப் பார்த்தார்கள்.

"ஆணியா?" என்றார் கொத்தனார்.

"எண்ணெய், மாமா. ரெண்டே சொட்டு. நேத்து நீங்க கைகால் கழுவப் போனப்ப. எனக்குக் காது அடைச்சா அதைத்தான் ஊத்துவேன். அது காதை உதறிக்கிட்டே இருந்துச்சா, சரின்னு..."

"இனிமே நான் குடுக்கறதைத் தவிர எதையும் ஊத்தாதீங்க" என்றார் டாக்டரம்மா. "உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருந்தா நல்ல மருந்துகூட கெடுதல் பண்ணிடும்."

"தண்ணி போட்டவன்னு சொன்னே, காதைப் பாத்துட்டும் எங்ககிட்ட சொல்லல" என்றாள் அக்கா. "வீட்டுக்கு வா, வெச்சுக்கறேன்."

"டாக்டரம்மா." கொத்தனார் பூனையின் முதுகில் கைவைத்தார். "பொழைக்குமா?"

"பொழைக்கும். மருந்தை விடாமக் குடுங்க. ரெண்டு மூணு வாரத்துல நடை சரியாயிடும். தலை மட்டும் கொஞ்சம் சாஞ்சே நின்னுடலாம். அதனால அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அடிக்கு எவ்வளவு?"

"என்ன?"

"சாயறது."

டாக்டரம்மா உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். அவர் தலையசைத்தார். மனசுக்குள் அளந்துகொண்டுவிட்டார் என்று மனைவிக்குத் தெரிந்தது.

"உயரத்துல ஏற விடாதீங்க. தட்டைக் கொஞ்சம் தூக்கி வைங்க, குனிஞ்சா தலை சுத்தும். அப்புறம், பளபளன்னு டைல்ஸ் போட்ட தரையா இருந்தா கால் வழுக்கும், சொரசொரப்பா ஏதாவது போட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஓ. அதைத்தான் பேத்துட்டீங்களே. நல்லதாப் போச்சு."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படித்தவர் அவர் செய்த தப்பைப் பாராட்டினார்.

முன்னறைக்கு அவர் குளியலறை டைல்ஸ் போட்டார். சொரசொரப்பானது, சாம்பல் நிறம். கோலி இப்போதும் அசையாது. ஆனால் சொரசொரப்பால் எந்தக் கோலியும் அசையாத தரை அது, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கோலி எங்கேயோ தொலைந்துபோனது, அவர் தேடவில்லை. வந்தவர்கள் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்கள்.

வாரம் ஒருமுறை பூனையைக் கதவு நிலையோடு ஒட்டி உட்காரவைத்து, இரண்டு காதுக்கும் நேராகப் பென்சிலால் புள்ளிவைத்துக் கோடு போட்டார். முதல் வாரம் அடிக்கு மூன்று அங்குலம். இரண்டாவது வாரம் இரண்டு. மூன்றாவது வாரம் ஒன்று, அதோடு நின்றுவிட்டது. நடை நேராகிவிட்டது. தலை மட்டும் அந்த ஒரு அங்குலத்தில் நிலைத்தது. பணம் கொடுக்கப்போகிற வீட்டுக்காரர் வேலையைச் சந்தேகமாகப் பார்க்கிற அதே சாய்ப்பு. அப்படி உட்கார்ந்து புதுத் தரையை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நோட்டம் விடும். "உங்க அப்பாவா?" என்று மனிதர்களைக் கேட்கிற கேள்வியை அவர் அதனிடம் கேட்டதில்லை. பேசாமல் ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்துக் காட்டுவார்.

சாப்பாடுதான் மீதிச் சிக்கல். தலை சாய்ந்தே இருந்ததால் மட்டமாக வைத்த தட்டிலிருந்து ஒரு பக்கத்து வாயால் அள்ளி, பாதியைக் கீழே விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் சமையலறைச் சுவரோரம் பூனையின் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குட்டி மேடை கட்டினார். மைத்துனன் வாசலில் நின்று பார்த்தான்.

"மாமா, கோணலா இருக்கே."

"தெரியும்."

"இடது பக்கம் எறங்கியிருக்கு."

"அடிக்கு ஒரு அங்குலம். வேணும்னா அளந்துக்கோ."

மறுநாள் அவர் வேறொருவர் குளியலறையில் குந்தியிருந்தபோது போன் அடித்தது. சுண்டுவிரலால் தட்டி வாளிமேல் வைத்தார்.

"என்னங்க, குண்டுக்கு வாட்டமா இருக்கு."

கரணை கையைவிட்டு விழுந்தது. "மறுபடியுமா? எந்தப் பக்கம்? எவ்வளவு?"

அந்தப் பக்கம் சிரிப்புத்தான் கேட்டது. நல்ல நீளமான சிரிப்பு.

"காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. குண்டு வாட்டமா இல்ல. குண்டுக்கு வாட்டமா இருக்கு. நீங்க கட்டின மேடை அதுக்கு அவ்வளவு தோதா இருக்கு. ஒரு பருக்கை கீழே சிந்தாம வழிச்சு நக்கிட்டு, இன்னும் வேணும்னு நிக்குது."

போனை அணைத்துவிட்டு, விழுந்த கரணையை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துத் தரையின் மேல்பக்கத்தில் ஊற்றினார். தண்ணீர் எங்கேயும் தயங்காமல், யாரையும் கேட்காமல், மூலைக்கு ஓடிப்போய் ஓட்டையில் விழுந்தது. இன்னொரு குவளை ஊற்றிப் பார்த்தார்.